காடு முதலிலா, கடல் முதலிலா?

வண்டியை நிறுத்தி இறங்கினால் எதிரே மரங்கள். அவற்றின் நடுவே ஒரு மண்பாதை. அதற்கு இணையாக, இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி, கடல். இரண்டுக்கும் இடையே மணல்மேடு. அதைக் குறுக்காகக் கடக்க இரண்டு ஒற்றையடிப் பாதைகள், ஒன்று தொடக்கத்தில், இன்னொன்று கோடியில். சுற்றி வந்தால் நான்கைந்து கிலோமீட்டர். ஏற்றம் கிடையாது, பாறை கிடையாது, நாயை அழைத்து வரத் தடை கிடையாது. காடும் கடலும் ஒட்டியிருக்கும் இடங்களில் இந்த அமைப்பை அடிக்கடி காணலாம். பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துவதற்காக மனிதர்கள் நட்டு வளர்த்த பைனும் சவுக்குமே பல கரைகளில் இன்று காடாக நிற்கின்றன. அத்தகைய இடங்களில் தரை சமமாகவும் பாதை நேராகவும் இருக்கும். வயதான நாய்க்கும் வயதான மனிதருக்கும் ஒத்துவரும்.

இவ்வளவு எளிய நடையில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் நாய் செவலைக்கு இப்போது பதினொரு வயது. ஒன்பது ஆண்டுகளாக இப்படிப்பட்ட நடைகளுக்கு அதை அழைத்துப் போகிறேன். எங்கே தொடங்கினாலும் கடைசியில் வண்டிக்குத்தானே வரப் போகிறோம் என்று முதல் சில ஆண்டுகள் கால் போன போக்கில் நடந்தேன். அது தவறு என்று புரியவைத்தது செவலைதான். காடு, கடல் இரண்டில் எது கடைசியில் வருகிறது என்பதைப் பொறுத்தே நடை நன்றாக முடிகிறது அல்லது கெட்டுப்போகிறது.

வழிகள் நான்கு. கடற்கரையிலேயே போய்க் கடற்கரையிலேயே திரும்புவது. கடல் வழியாகப் போய்க் காட்டு வழியாகத் திரும்பும் வளையம். அதே வளையத்தைத் தலைகீழாக, காட்டில் தொடங்கிக் கடலில் முடிப்பது. காட்டுப் பாதையில் போய், கடலை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புவது.

முதலாவதை உடனே தள்ளிவிடலாம். உலர்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். மனிதர்களை வைத்து அளந்து கண்டது இது. நான்கு காலும் புதையும் நாய்க்கு மட்டும் மணல் சலுகை காட்டப் போவதில்லை. நிழல் கிடையாது. நடுவழியில் களைத்தால் ஒதுங்க இடம் கிடையாது. குளிர்ந்த பருவத்தில், இளம் நாயோடு, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வதானால் சரி. மற்றபடி காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

காலையில்: கடல் வழியாகப் போய், காட்டு வழியாகத் திரும்பு

உண்மையான போட்டி இரண்டு வளையங்களுக்கும் இடையில்தான். காலை நடைக்கு என் ஓட்டு கடலுக்கு.

விடிந்த சில மணி நேரம் வரை மணல் இரவின் குளிர்ச்சியை வைத்திருக்கிறது. வெயில் ஏற ஏற உலர்மணல் மிக விரைவாகச் சுடத் தொடங்குகிறது. புறங்கையை மணலில் அழுத்தி ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. கடலை முதலில் முடித்துவிட்டால் வெயில் உச்சிக்கு வரும்போது நாம் நிழலில் இருப்போம். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான். அதன் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடைவெளி எவ்வளவு குறுகியது என்று பாருங்கள்.

இன்னொரு காரணம் நாயின் மனநிலை. வண்டிக் கதவைத் திறந்தவுடன் அதன் உடம்பு முழுவதும் துள்ளல்தான். அந்த நிலையில் காட்டுக்குள் கொண்டுபோனால், இரவெல்லாம் முயலும் மானும் நடந்துபோன வாசனை ஒவ்வொரு புதரிலும் புதிதாக இருக்கும். செவலை சிறுவயதில் முதல் அரை மணி நேரம் என்னை இழுத்துக்கொண்டுதான் போகும்; என் தோள்பட்டை அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. கடற்கரையில் துள்ளலை இறக்கி வைத்துவிட்டுப் பிறகு காட்டுக்குள் நுழைந்தால் அது வேறு நாய். ஒரு வேரின் இடுக்கில் மூக்கை நுழைத்து இரண்டு நிமிடம் நிற்கும். அதை அவசரப்படுத்தாதீர்கள். நாய்க்கு நடை என்பதில் பாதி முகர்வதுதான்.

நனைந்த மயிரில் ஒட்டிய மணல் காட்டு வழியில் காய்ந்து உதிர்ந்துவிடும் என்பது வண்டி ஓட்டுபவருக்கான லாபம். உப்பு உதிராது, வீட்டுக்குப் போய் நல்ல தண்ணீரில்தான் அலச வேண்டும்.

தாகமும் ஒரு காரணம். இதை நான் என் தவறில் கற்றேன். செவலைக்கு நான்கு வயது இருக்கும்போது, தாமதமாகக் கிளம்பிக் காட்டு வழியாகத் தொடங்கினோம். மரங்களுக்கு நடுவே காற்று அசையவில்லை. நாய் இரைத்துக்கொண்டே வந்தது. கடலில் இறங்கினால் சரியாகிவிடும் என்று நான் தண்ணீர் கொடுக்காமல் நடந்தேன். மணல்மேட்டின் உச்சியில் நின்று கடலைப் பார்த்த செவலை நேராக ஓடி அலையை நக்கத் தொடங்கியது. நான் மூச்சு வாங்க ஓடிப் போய் இழுப்பதற்குள் வயிறு நிறையக் குடித்துவிட்டிருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அது தாகத்தைத் தணிக்காது. உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்கு இழுத்துவிடும். திரும்பும் வழியில் வண்டியின் பின் இருக்கையில் மூன்று முறை வாந்தி; இரவு வரை பேதி. அத்துடன் போனது எங்கள் அதிர்ஷ்டம். நிறையக் குடித்த நாய் தள்ளாடினாலோ, உடம்பு வெட்டி இழுத்தாலோ அது காத்திருக்கும் விஷயம் அல்ல. அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கடலை முதலில் வைத்துக்கொண்டால் நாய் தாகமில்லாமல் கடலுக்குப் போகிறது. காடு முதலில் என்றால், மரங்கள் முடியும் இடத்தில், கடல் கண்ணில் படுவதற்கு முன், நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டும். கடல் தெரிந்த பிறகு கிண்ணத்தை நீட்டினால் எந்த நாயும் திரும்பிப் பார்க்காது.

மாலையில் எல்லாம் தலைகீழ்

நான்கு மணிக்கு வண்டியை நிறுத்தினால் மேலே சொன்ன கணக்கு புரண்டுவிடும். அப்போது மணல் இன்னும் சுடுகிறது. காட்டு நிழலில் ஒரு மணி நேரம் நடந்து கழித்தால் வெயில் சாய்ந்துவிடும். உலர்மணல் சூடாவது போலவே விரைவாக ஆறவும் செய்யும். கடற்கரைக்கு வரும்போது புறங்கையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

வெளிச்சமும் மாலையில் கடலின் பக்கம்தான். மரங்களுக்குள் இருட்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. வெட்டவெளிக் கரையில் சூரியன் மறைந்த பிறகும் அரை மணி நேரம் போல நாயின் கால் எங்கே படுகிறது என்று பார்க்க முடியும். கால் படும் இடத்தைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் முற்பகல் தொடங்கிக் கடலிலிருந்து காற்று வீசும், பிற்பகலில் வலுக்கும். கரையில் அது முகத்தில் அடிக்கும். மணல்மேட்டைத் தாண்டி மரங்களுக்குள் வந்தால் அடங்கிவிடும். நிழல் இருக்கிறது என்பதற்காகக் காடு எப்போதும் குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஈரப்பதம் மிகுந்து காற்று நின்றுபோன நாளில் இரைப்பதால் நாய்க்குப் பெரிய பயன் இல்லை. நாக்கிலிருந்து ஈரம் ஆவியானால்தானே குளிரும்? மூக்கு சப்பையான இன நாய்களுக்கு இது இரட்டைத் தொல்லை. அவற்றுக்கு இப்படிப்பட்ட நாளில் எந்த வளையமும் வேண்டாம் என்பேன்.

ஓதம் சொல்லும் தீர்ப்பு

காலை, மாலை என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது கடல் தன் அட்டவணையில் இருக்கிறது. பெரும்பாலான கரைகளில் நீர் உச்சிக்கு ஏறி, வற்றி, மறுபடி உச்சிக்கு வர 12 மணி 25 நிமிடம் ஆகும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஓதம். இன்று காலை ஏழு மணிக்கு ஏறி நிற்கும் நீர் நாளை ஏழே முக்கால், ஏழு ஐம்பதுக்குத்தான் அங்கே வரும். போன ஞாயிறு ஒன்பது மணிக்குப் பரந்த கரை கிடைத்தது என்பதை நம்பி இந்த ஞாயிறு அதே நேரத்துக்குப் போனால் கரையே இருக்காது. அந்த இடத்துக்கான ஓத அட்டவணையை முந்தின இரவே பார்த்துவிட வேண்டும். நாளுக்கு ஒரே ஓதம் உள்ள கரைகளும், முழங்கால் அளவுக்குக்கூட நீர் ஏறாத கடல்களும் உண்டு. அங்கே இந்தக் கவலை குறைவு.

வற்றிய நீர் திரும்ப ஏறும் வேகமும் சீரானது அல்ல. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்று மாலுமிகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த உயரமே கூடுதல்.

ஓதத்தை மக்கள் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்காக மட்டும் பார்க்கிறார்கள். மென்மையான நடைக்கு அதைவிட முக்கியமான காரணம் தரை. நீர் இறங்கிய கரையில் ஈரமணல் பலகைபோல் இறுகிக் கிடக்கும். நாயின் நகம் மட்டும் பதியும். நீர் ஏறிவிட்டால் அந்தப் பலகை மறைந்து, மேலே உள்ள பொடிமணலில்தான் நடக்க வேண்டும். இடுப்பு வலிக்கிற நாய்க்கு இவை இரண்டும் இரண்டு வேறு நடைகள்.

அந்தப் பொடிமணல் வெறும் களைப்பு மட்டும் அல்ல. முந்தின ஓதம் கொண்டுவந்து போட்ட பாசியும் குச்சியும் ஒரு நீண்ட கோடாகக் கரையில் கிடக்கும். கடல் கொண்டுவரும் தொல்லைகள் எல்லாம் அந்தக் கோட்டில்தான்: நைலான் நரம்பில் சிக்கிய தூண்டில் முள், கரை ஒதுங்கிய பிறகும் கொட்டக்கூடிய சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீன், செத்துக் காய்ந்தாலும் விஷம் போகாத பேத்தை மீன். செவலைக்கு மீன் நாற்றம் என்றால் உயிர். கோட்டுக்கு மேலே, வெண்மணலில், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் கூடு என்று சொல்லும்படி எதுவும் கட்டாமல் ஒரு குழி பறித்து முட்டையிடும். புள்ளி போட்ட முட்டை. மணலோடு மணலாக இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். மிதிக்காவிட்டாலும், நாயைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து போனால் வெயிலில் முட்டை வெந்துவிடும்.

நீர் வற்றியிருக்கும்போது நீங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே நடக்கிறீர்கள். குப்பையும் முட்டையும் மேலே இருக்கின்றன. நீர் ஏறும்போது நாய், குப்பை, முட்டை மூன்றும் ஒரே குறுகிய பட்டையில். கால் படும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் தொடங்கி ஒரு மணி பின்னால் வரை உள்ள இடைவெளிக்குள் கடற்கரைப் பகுதி விழுமாறு பார்த்துக்கொள்கிறேன். அது காலையின் முதல் பாதியில் விழுந்தால் கடல் முதலில். இரண்டாம் பாதியில் விழுந்து, வானம் மூடியிருந்தால் காடு முதலில். எதிலும் விழாவிட்டால் அன்று வளையம் கிடையாது.

நான்காவது வழியின் மதிப்பு

வளையம் அழகுதான், ஒரே மரத்தை இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வளையத்துக்கு ஒரு குறை உண்டு. பாதி வழியில் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம். நாய் அங்கே உட்கார்ந்துவிட்டால் உங்களிடம் நல்ல வழி எதுவும் மிச்சமில்லை.

போன ஆண்டு செவலை அப்படி உட்கார்ந்தது. ஈரமணலில் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. கோடியில் உள்ள மணல்மேட்டைக் கடக்கும்போது பின்னங்கால் இரண்டு முறை சறுக்கியது. மூன்றாவது முறை முயலவில்லை. அப்படியே படுத்து என்னைப் பார்த்தது. பதினெட்டுக் கிலோ நாய். இரண்டு கைகளிலும் ஏந்தி, மேட்டின் மேல், முழங்கால் வரை புதைய ஏறினேன். உச்சிக்கு வந்ததும் இறக்கிவிட்டேன். அது உதறிக்கொண்டு, நான் ஏன் மூச்சு வாங்குகிறேன் என்பதுபோல் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகும் காட்டு வழியில் இரண்டு கிலோமீட்டர் மீதி இருந்தது. ஐந்து இடங்களில் நின்று நின்று வந்தோம்.

காட்டு வழியே போய் வந்த வழியே திரும்பும் நடையில் இந்தச் சிக்கல் இல்லை. எந்த மரத்தடியிலும் திரும்பலாம். தரை மண்ணும் சருகுமாக, உள்ளங்காலுக்கு இதமாக இருக்கும். வண்டிக்கு அருகில் இருக்கும் முதல் குறுக்குப் பாதையில் ஏறிக் கடலைப் பார்த்து, பத்து நிமிடம் நனைந்துவிட்டுத் திரும்பினால் நாய்க்கு ஒரு குறையும் இல்லை. மூட்டுத் தேய்ந்த நாய், எலும்பு இன்னும் முற்றாத குட்டி, அறுவை சிகிச்சையிலிருந்து தேறி வரும் நாய் ஆகியவற்றுக்கு இதைத்தான் சொல்வேன். இதுவரை வந்திராத புதிய இடத்துக்கும் முதல் முறை இதுவே போதும். ஓதமும் பாதையும் பழகிய பிறகு வளையத்துக்குப் போகலாம்.

காட்டுக்கும் அதன் தொல்லைகள் உண்டு. உண்ணிகள் பறப்பதும் இல்லை, குதிப்பதும் இல்லை; புல்லின் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகும் உடம்பில் தொற்றிக்கொள்கின்றன. பாதையின் நடுவில் நடக்கும் நாய்க்கு ஆபத்து பாதிதான். ஊசியிலை மரங்கள் உள்ள சில பகுதிகளில், குளிர்காலத்தின் கடைசியிலும் இளவேனிலிலும், கம்பளிப்பூச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டித் தரையில் ஊர்ந்து போகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அவற்றின் மயிர் நாயின் நாக்கில் பட்டால் நாக்கு வீங்கி, அந்தப் பகுதி அழுகியே போகலாம். அந்தப் பருவத்தில் அப்படிப்பட்ட காட்டை விட்டுவிட்டு, நீர் வற்றும் நேரம் பார்த்துக் கரையில் சிறு நடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். நான் முதலில் தள்ளிவிட்ட வழிக்கு இப்படி ஒரு நாள் வேலை வருகிறது.

மாறாக, முட்டையிடும் பருவத்தில் பல கரைகள் நாய்களுக்கு மூடப்படுகின்றன, அல்லது கயிற்றில் கட்டி மட்டும் வர அனுமதி. அப்போது காடு மட்டும். நுழைவாயிலில் உள்ள பலகையைப் படியுங்கள். போன முறை வந்தபோது அனுமதித்தார்கள் என்பது வேறு பருவத்துக் கதையாக இருக்கலாம்.

கயிறு

எந்த வழியானாலும் ஒரே கயிறு போதாது. காட்டில் இரண்டு மீட்டர், கரையில் பத்து மீட்டர். நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். ஓடும் நாய் கயிற்றின் கோடியை எட்டும் கணத்தில் அடி முழுவதும் கழுத்தில் விழும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையில் மாட்டுங்கள். கைப்பிடிக்குள் சுருண்டுகொள்ளும் மெல்லிய கயிறு மணலுக்கு ஆகாது. மணல் புகுந்து சிக்கிக்கொள்ளும், அவசரத்தில் அதைக் கையால் பிடித்தால் தோல் உரிந்துவிடும். அழைத்தால் வரும் நாய் என்று நம்பிக் கட்டவிழ்ப்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. என் நாயும் அழைத்தால் வரும். செத்த மீன் எதுவும் பக்கத்தில் இல்லாதபோது.

பந்து எறிவதானால் கரையில் வேண்டாம். ஈரப் பந்தில் மணல் அப்பிக்கொள்ளும். கவ்விக் கவ்வி நாய் அதை விழுங்கும். நிறையச் சேர்ந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். பையில் அள்ளிய கழிவை மரக்கிளையில் தொங்கவிடுவதும் மணலில் புதைப்பதும் ஒன்றுதான். வண்டி வரை கொண்டுவாருங்கள்.

வண்டிக்கு வந்ததும் கதவைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிடுகிறேன். செவலையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒவ்வொரு பாதத்தையும் எடுத்து விரல்களை விரித்துப் பார்ப்பேன். நெருஞ்சி முள் உள்ளங்காலில் இருக்கும். அது நொண்டினாலே தெரிந்துவிடும். மோசமானது புல்விதை. ஒரு அரிசியை விட மெலிந்தது, ஒரு முனை கூர்மை, உடம்பெல்லாம் பின்னோக்கிச் சாய்ந்த நுண்ணிய சுணை. விரல் இடுக்கில் நுழைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முன்னோக்கி மட்டும் நகரும், பின்வாங்காது. இரண்டு நாளில் அங்கே கட்டியாக வீங்கி நிற்கும். பிறகு காது மடிப்பு, அக்குள், வாலடி. உண்ணி தட்டுப்பட்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பேன். எண்ணெய் விடுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாத வேலை. அன்றே எடுத்துவிட்டால், உண்ணி கொண்டுவரும் நோய்களில் பல தொற்றுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இப்போது நாங்கள் நான்காவது வழிக்காரர்கள். ஆனாலும் முடிந்த மட்டும் செவலைக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறேன். போன வாரம் முதல் குறுக்குப் பாதை பிரியும் இடத்தில், கடலைப் பார்த்துவிட்டு இறங்கிய பிறகு, கயிற்றைத் தளர்த்தி நின்றேன். நீர் வற்றிக்கொண்டிருந்தது, மணல் குளிர்ந்திருந்தது, வளையத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. செவலை இரண்டு பக்கமும் முகர்ந்தது. பிறகு வண்டி நிற்கும் பக்கம் திரும்பி நடந்தது. நான் பின்னால் போனேன்.